இருவர் கயாக், விற்பனைக்கு

1

இந்தக் கதை விளம்பரமாகத் தொடங்கியது. இருவர் அமரும் கயாக் படகு, நீல நிறம், துடுப்புகளுடன். கீழே 'விற்கும் காரணம்' என்றொரு கட்டம். அதில் எழுதி எழுதி அழித்தவை இப்படிச் சேர்ந்துவிட்டன.

விற்பவனுக்கு ரோரி என்று பெயர் வைத்தேன். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில், பர்னி என்ற கடலோர ஊரில் இருக்கிறான். அவன் மனைவி பிரயோனி போன குளிர்காலத்தில்

(வாக்கியம் இங்கேயே நிற்கட்டும்.)

2

வாங்குபவன் டேரன். முதல் வரைவில் அவனை நல்லவனாக எழுதினேன். கதை நகரவில்லை. இப்போது அவன் அனுப்பும் செய்தி இது:

"அட்ரஸ அனுப்பு மேட். ராத்திரி வந்து தூக்கிக்கறேன். நீ தனியாத்தான இருக்க?"

'மனைவி இறந்துவிட்டாள், தனியாக ஓட்ட முடியவில்லை' என்று காரணக் கட்டத்தில் ரோரியே எழுதியிருந்தான். டேரனின் செய்தியைப் பார்த்ததும் அதை அழித்தான். சனிக்கிழமை காலை, கடற்கரையில், உயிர்மீட்புக் கழகம் நிதி திரட்ட நடத்தும் சாசேஜ் கடைக்கு அவனை வரச் சொன்னான்.

[அங்கே கூட்டம் இருக்கும். பிரயோனியின் தங்கை டீகன் வெங்காயம் வதக்கிக்கொண்டிருப்பாள்.]

3

கயாக் ரோரியின் கார் மேல் கட்டியிருந்தது. டேரன் கைபேசியை நீட்டினான்.

"பணம் போட்டாச்சு, பாரு. என் கார்ல மாத்து."

ரோரி தன் வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்தான். எதுவும் வரவில்லை.

"வந்ததும் மாத்தறேன்."

"நாளைக்கு வந்துரும்யா. பொண்டாட்டி போனா யாரையுமே நம்ப மாட்டியா?"

[இங்கே ரோரி உடைந்துபோய்க் கொடுத்துவிடுவதாக ஒரு வரைவு உண்டு. நம்பும்படி இருந்தது. அதனால்தான் கிழித்தேன்.]

டீகன் இடுக்கியோடு நிமிர்ந்தாள். "நாளைக்குப் பணம் வந்தா நாளைக்குக் கயாக். அதுவரைக்கும் சாசேஜ் சாப்பிடுங்க. அதுக்கும் காசு முதல்ல."

வரிசையே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. டேரன் முனகிக்கொண்டே காரைக் கிளப்பினான். ரோரி கைபேசியில் அவனைத் தடைசெய்து, விளம்பரத் தளத்திலும் புகார் கொடுத்தான்.  பிறகு கயாக்கின் கயிற்றை இன்னொரு முறை இறுக்கினான்.

4

முடிவு ஒன்று: மறுவாரம் ஒரு தம்பதி வாங்கிப் போகிறார்கள். குறை சொல்ல முடியாத முடிவு.

முடிவு இரண்டு: டீகன் ஏப்ரனை அவிழ்க்கிறாள். "இவ்ளோ தூரம் கட்டிக்கிட்டு வந்துட்ட. கடல் அமைதியா இருக்கு. நான் பின்னாடி உக்காந்துக்கறேன், நீ முன்னாடி."

முன்னால் எப்போதும் பிரயோனிதான். ரோரி கயிற்றின் முடிச்சில் கை வைக்கிறான். பிறகு

கயாக் இன்னும் கார் மேல்தான் இருக்கிறது. காரணக் கட்டம் காலி. நீங்களே நிரப்புங்கள். வீட்டு முகவரியை மட்டும் எழுதிவிடாதீர்கள்.