நடுவில் இல்லாத குரல்

பார்வையற்ற மாணவர்களுக்கெனப் பதிவு செய்யப்படும் பாடங்களைக் கேட்டு, எங்கே சொல் விழுங்கப்பட்டது, எங்கே மூச்சு இரைந்தது என்று பிழை குறித்துக் கொடுப்பது என் மனைவியின் வேலை. வகுப்பறையில் நாற்பது பிள்ளைகளின் முணுமுணுப்பைப் பிரித்தறிந்த என் காது, அவள் காதின் அருகில் நிற்கத் தகுதியற்றது. அந்தக் காதின் மீதுதான் எங்கள் வீட்டில் பழி விழுந்தது.

அவள் பாடம் கேட்பதற்கென மகன் புதிதாக இரண்டு ஒலிபெருக்கிகளை வாங்கிவந்து, கூடத்தின் இரு மூலைகளிலும் நிறுத்தி, தானே கம்பியிழுத்து ஆம்ப்ளிஃபயரோடு இணைத்தான். அன்றே அவள் முகம் சுருங்கியது.

“குரல் நடுவுல நிக்கலடா. பக்கத்து ரூம்ல இருந்து யாரோ பேசுற மாதிரி இருக்கு. அடித்தொண்டையே காணோம்.”

“ஸ்பீக்கர் புதுசும்மா. உங்க காதுதான் பழசு.”

மருமகள் சிரித்தாள். “அத்தை, நான் அடுப்படியில முணுமுணுக்கறது மட்டும் உங்களுக்கு எப்படி அவ்வளவு துல்லியமா கேக்குது?”

எல்லோரும் சிரித்தோம், அவளும் சிரித்தாள். ஆனால், ‘குரல் உள்ளடங்கியிருக்கிறது’ என்று அவள் குறித்தனுப்பிய பாடங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி வந்தன. பதிவுக்கூடத்திலிருந்து ஒரு பெண் தயங்கித் தயங்கித் தொலைபேசியில் கேட்டாள்: “அக்கா, எங்களுக்கு நல்லாத்தானே கேக்குது?”

அன்று என் மனைவி உணவைத் தொடவில்லை. “நாளைக்குப் போன் பண்ணி நின்னுக்கறேன்னு சொல்லிடறேன். காது போனவளுக்கு இந்த வேலை எதுக்கு?”

எனக்குப் பொறுக்கவில்லை. ஆம்ப்ளிஃபயரின் குமிழைத் திருகி, ஒரு பக்கத்தை மட்டும் ஒலிக்கவிட்டேன்.

“இப்ப?”

“நல்லா இருக்கே.”

மற்றப் பக்கம். “இதுவும் நல்லாத்தான் இருக்கு.”

இரண்டையும் சேர்த்தேன். “போச்சு” என்றாள்.

தனித்தனியே செவ்வனே ஒலிப்பவை சேர்ந்தவுடன் கெடுகின்றன எனில், குற்றம் காதினுடையது அன்று, சேர்க்கையினுடையது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு இடப்பக்கப் பெட்டியைச் சுவரிலிருந்து நகர்த்திப் பார்த்தேன். சிவப்புக் கம்பி கறுப்பு முனையிலும், கறுப்புக் கம்பி சிவப்பு முனையிலும் முடுக்கப்பட்டிருந்தன. ஒரு பெட்டியின் ஒலியெழுப்பும் கூம்பு முன்னே தள்ளுகையில் மற்றதன் கூம்பு பின்னே இழுத்திருக்கிறது. நடுவே நிற்க வேண்டிய குரலை இரண்டுமாகச் சேர்ந்து விழுங்கியிருக்கின்றன.

மகனை அழைத்து ஒரு கம்பியைக் காட்டினேன். “இது என்ன நிறம்?”

“கறுப்பு.”

“இது?”

அவன் கம்பியைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தான். “ரெண்டும் எனக்கு ஒண்ணுதாம்பா.”

மருமகள் அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். அவன் பெயின்ட் கடையில் நிறம் கலக்கும் பிரிவுக்கு மேலாளர்.

“கடையில நம்பரைப் பாத்துதான் கலக்கறேன். வெளியில சொல்லிடாதீங்க. வேலை போயிடும்.”

“அம்மா சொன்ன அன்னிக்கே உனக்குச் சந்தேகம் வந்துச்சா, இல்லையா?”

“வந்துச்சுப்பா” என்றான். தன் கண்ணின் குறை வெளிப்படாதிருக்க, பெற்றவளின் காதைப் பழித்திருக்கிறான்! “கம்பி மாறிப்போச்சான்னு பாருங்கப்பான்னு ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வரலையா?” என்று கத்தினேன்.

“அவனை அப்புறம் திட்டிக்கலாம். முதல்ல மாத்திப் போடுங்க” என்றாள் அவள்.

மாற்றி முடுக்கினேன். கடல் ஏற்றத்தைப் பற்றிய பாடம் தொடங்கியது. இரு பெட்டிகளுக்கும் நடுவில், வெறுஞ்சுவருக்கு முன்னால், பாடத்தை வாசிப்பவளே வந்து நின்றாற்போல் இருந்தது. மருமகள்கூட நிமிர்ந்து பார்த்தாள்.

சற்று நேரத்தில் ஒரு சொல் பாதியில் மறைந்தது. எனக்கே கேட்டது. என் மனைவியின் பென்சில் அசையவில்லை.

“அங்க ஒரு சொல்லை முழுங்கிட்டா, இல்ல?”

முப்பதாண்டு இல்வாழ்க்கையில் ஒலி பற்றி அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

“ஆமா.”

“எனக்காகச் சொல்லாதீங்க. நிஜமா?”

“முழுங்கினாங்கம்மா” என்றான் மகன், வாசற்படியிலிருந்து.

“உன்னைக் கேக்கலடா.”

பதிவைப் பின்னோக்கி ஓட்டி மீண்டும் கேட்டாள், மறுபடியும் கேட்டாள். “நாளைக்குப் போன் பண்ணல” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தாளில் குறியிட்டாள். எப்போதும் அழுத்திக் குறியிடுபவள்; இதுவோ தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் மட்டுமே தெரியக்கூடிய மெல்லிய குறி.