பிரபாவதியின் இளைப்பு

நகரி டாக்டரின் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் கதவைத் திறந்து "பிரபாவதி" என்று கூப்பிட்டதும் என் தங்கச்சி கல்பனா எழுந்தாள். நானும் எழுந்தேன். என் பேர் அது, எழாமல் எப்படி இருப்பது? அவளுக்கோ பல வருஷப் பழக்கம். கம்பவுண்டர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பேஷண்ட் மட்டும் உள்ள வாங்க" என்றார். அம்மா எங்கள் முதுகில் கையை வைத்து இருவரையும் தள்ளிக்கொண்டு தானும் உள்ளே நுழைந்தாள்.

கல்பனாவுக்கு இளைப்பு. சின்ன வயதிலேயே மார்கழி வந்தால் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்குவாள். அது எங்கள் வீட்டு நான்கு சுவருக்குள் மட்டும் தெரிந்த விஷயம். அம்மாவின் தங்கச்சிக்கும் இது உண்டு. இளைப்புக்காரியை மறைத்துக் கட்டிவைத்துவிட்டார்கள் என்று சொல்லி, கல்யாணமான கொஞ்ச நாளிலேயே புருஷன் வீட்டார் சித்தியைப் பெட்டியோடு பள்ளிப்பட்டு பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். அதற்கப்புறம் சித்தி எந்த விசேஷத்துக்கும் வந்ததில்லை. சூடு கண்ட பூனை மாதிரி ஆகிவிட்டாள் அம்மா. திருத்தணியில் வைத்தியம் பார்த்தால் கே.ஜி.கண்டிகைக்குச் சேதி நமக்கு முன்னால் வந்து சேர்ந்துவிடும் என்று, கல்பனா வயதுக்கு வந்த பிறகு அவளை ஆந்திராவுக்குள் நகரிக்குத்தான் கூட்டிப் போனாள். அங்கேயும் நம்ம பக்கத்து ஆட்கள் வருவார்கள், பேரைச் சத்தமாகக் கூப்பிடுவார்கள். அதனால் என் பேரைக் கொடுத்தாள். எனக்கு அப்போதுதான் ஆர்.கே.பேட்டையில் கல்யாணம் முடிந்திருந்தது. "உனுக்குத்தான் ஆயிடுச்சே, இனிமே உன் பேர எவன் பாக்கப் போறான்" என்றாள். விற்றுப்போன மாட்டுக்கு யார் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள் என்கிற கணக்கு. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பேர்தானே, போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

இப்படி என் பேரில் மருந்து சாப்பிட்டுவிட்டுத் தன் பேரில் ஓடினாள் கல்பனா. ஆயிரத்து ஐநூறு மீட்டர். இளைப்புக்காரி எப்படி ஓடுவாள் என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், ஒழுங்காக மருந்து எடுத்துக்கொண்டு ஓடுகிறவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். அவர்கள் சொல்லிவிட்டு ஓடுகிறார்கள், இவள் சொல்லாமல் ஓடினாள். பயிற்சிக் கேம்ப்பில் கக்கூஸ் கதவைத் தாழ் போட்டுக்கொண்டுதான் இன்ஹேலரை வாயில் வைப்பாள். சென்னையில் பெரிய போட்டி நெருங்கிய சமயம், லீவில் வீட்டுக்கு வந்தவளுக்கு மூச்சு அடைத்துக்கொண்டது. உதடு நீலம் பாரித்துவிட்டதாம். அம்மா ஆட்டோ பிடித்து நகரிக்கு ஓடினாள். டாக்டர் ஊசி போட்டார், சின்ன வெள்ளை மாத்திரை கொடுத்து, நிறுத்தாமல் சாப்பிடச் சொன்னார். ஸ்டீராய்டு. சீட்டில் வழக்கம்போல பிரபாவதி. மாத்திரையை விழுங்கிக்கொண்டே போய்க் கல்பனா வெள்ளிப் பதக்கம் வாங்கினாள். கே.ஜி.கண்டிகை பஸ் ஸ்டாப்பில் பேனர் கட்டினார்கள். சிறுநீர்ப் பரிசோதனையில் மாட்டிக்கொண்டாள் என்று டெல்லியிலிருந்து சேதி வந்ததும், அதே பேனரை அவிழ்த்து டீக்கடைக் கூரையில் ஒழுகுகிற இடத்தில் போட்டுவிட்டார்கள். எங்கள் நைனா இப்போது அந்தக் கடையில் டீ குடிப்பதில்லை.

நோயாளிக்கு விலக்கு உண்டு. தடை செய்த மருந்தாக இருந்தாலும், வேறு வழியில்லை என்று டாக்டர் காகிதத்தோடு முன்கூட்டியே கேட்டால் அனுமதி கொடுப்பார்கள். உயிர் போகிற அவசரம் என்று நிரூபித்தால் பிற்பாடும் கொடுப்பார்கள். இல்லையென்றால் இரண்டு வருஷம் தடை, ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வரவிருந்த வேலையும் போகும். இந்த விலக்கைப் பற்றிக் கல்பனாவுக்குத் தெரியாமல் இல்லை. கேம்ப்பில் பிரேமா என்று ஒருத்தி இளைப்புக்காக விலக்கு வாங்கித்தான் ஓடுகிறாள். அவளைப் பற்றி எல்லார் காதிலும் விழும்படி இவள் பேசியிருக்கிறாள். "சீக்குன்னா ஊட்ல கெடக்கணும், பர்மிஷன் வாங்கிக்கினு மருந்து துன்னுட்டு ஓடுவாளாம்." தன் பையில் இன்ஹேலரை ஒளித்துவைத்துக்கொண்டு பேசிய பேச்சு இது. கேட்டபோது எனக்கு அவளை அறையலாம் போலிருந்தது.

இன்றைக்கு நகரி பஸ்ஸில் மறுபடி அந்தப் பேச்சு வந்தது. "அந்தப் பிரேமாவுக்கு நெஜமாவே எளப்பு இருக்குதாடி?" என்று கேட்டேன்.

"அவ மூச்சு வாங்கி நான் பாத்ததே இல்லக்கா." கொஞ்ச தூரம் போனதும், "என்னையும்தான் யாரும் பாத்ததில்ல" என்றாள்.

அப்புறம் அவளே பேசினாள். "அன்னிக்கு கடைசி ரவுண்டுல மூச்சு தாராளமா வந்துகினே இருந்துச்சுக்கா. அந்த மாரி எனக்கு வந்ததே இல்ல. மத்தவங்களுக்கு தெனம் வர்ற மூச்சே அதானா, இல்ல அதுக்கும் மேலயா? எனக்கு எப்டி தெரியும்? அவ்ளோ நாளா பிரேமாவப் பத்தி கேட்ட கேள்விய இப்ப என்னையே கேட்டுகினு இருக்கறேன்."

நொண்டிக்குக் கோல் கொடுத்தால் நமக்குச் சமமாக நடப்பான், நம்மைத் தாண்டியா போவான் என்று சொல்ல நினைத்தேன். அவள் தாண்டித்தானே போயிருக்கிறாள், வெள்ளி வாங்கியிருக்கிறாள். முன் சீட்டிலிருந்து அம்மா திரும்பி, "பேசாத வாங்கடி, பஸ்ல யாரார் இருக்கறாங்களோ" என்றாள். எல்லாம் பேப்பரில் வந்தபிறகும் அவளுக்கு இந்தப் பயம் போகவில்லை.

டாக்டர் வயதானவர். அம்மா அழுதுகொண்டே சொல்லி முடிக்கும்வரை பேனாவைக் கீழே வைக்காமல் கேட்டார். "அப்ப பிரபாவதி யாரும்மா?" என்றார். பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்கிற மாதிரி நான் கையைத் தூக்கினேன். அவருக்குக் கோபம் வரும் என்று பயந்திருந்தேன். கோபம் வரவில்லை, முகம் வாடிவிட்டது. இத்தனை வருஷம் கல்பனாவை என் பேர் சொல்லி விசாரித்த மனிதர்.

"பொண்ணு வாழ்க்க சார்" என்றாள் அம்மா. "பழைய தேதி போட்டு கல்பனா பேர்ல புச்சா எழுதிக் குடுத்துடுங்க. சீக்கு நெஜந்தான சார்?"

"சீக்கு நிஜம். அதுக்காக நான் பொய் எழுத மாட்டேன்" என்றார். "நடந்ததை நடந்தபடி எழுதித் தரேன். அக்கா பேர்ல வந்தது தங்கச்சிதான்னு. ஆனா அவங்க சும்மா நம்ப மாட்டாங்க. இதெல்லாம் அக்காவோட சீட்டு, அக்கா மாத்திரையை எடுத்துத் தங்கச்சி சாப்பிட்டிருக்கான்னு சொல்லுவாங்க. அக்காவுக்கு நெஞ்சுல ஒண்ணுமில்லன்னு நான் பாத்து எழுதினா இது நிக்கும். தேவைப்பட்டா அவங்களும் உன்னைக் கூப்பிட்டுப் பாப்பாங்க. வாம்மா, உக்காரு."

நான் தைரியமாகத்தான் உட்கார்ந்தேன். என் உடம்பால் தங்கச்சிக்கு ஒரு உபகாரம் என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. டாக்டர் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து மூச்சை இழுக்கச் சொன்னார். இடம் மாற்றி வைத்தார். மறுபடி முதல் இடத்துக்கே வந்தார்.

"இருமல் உண்டா?"

"தறி ஊட்ல எல்லாருக்கும் இருக்கறதுதான் சார். பஞ்சு தூசி."

ஒரு பிளாஸ்டிக் குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார். பலம்கொண்ட மட்டும் ஊதினேன். உள்ளே இருந்த சிவப்பு முள் கொஞ்சம் நகர்ந்து நின்றுவிட்டது. கல்பனா அதைப் பார்த்தாள். அந்த முள் எங்கே நிற்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

ஆர்.கே.பேட்டையில் எங்கள் வீட்டில் பவர்லூம் ஓடும்போது ஒருத்தர் பேச்சு ஒருத்தருக்குக் கேட்காது, இருமலும் கேட்காது. காலையில் எழுந்ததும் மாமியார் இருமுவாள், வீட்டுக்காரர் இருமுவார், நானும் இருமுவேன். மாடியில் துணி காயப்போடப் போனால் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டுத்தான் மேலே போவேன். உடம்பு போட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். இளைப்பு என்றால் அது கல்பனாவுடையது, அம்மா வீட்டில் அதற்கென்று ஒருத்தி இருக்கிறாள் என்றே இருந்தேன்.

"ரெண்டு பேருக்கும் இருக்கு" என்றார் டாக்டர். "உனக்கு ரொம்ப நாளா மருந்தில்லாம இருக்கு. அவளைவிட மோசம்."

"அவுளுக்கு ஒன்னுமில்லன்னு எழுதிடுங்க சார்" என்றாள் அம்மா. சட்டென்று வந்துவிட்டது அவளுக்கு. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று புரிந்தது போல. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நானும் அதையேதான் சொன்னேன். "எழுதுங்க சார். எனுக்கு தாங்கும்."

"எழுதினா உனக்கு மருந்து கொடுக்க முடியாது. கேஸ் முடியற வரைக்கும் வேற எங்கயும் போய்க் காட்டக் கூடாது. டெல்லியில ஊதச் சொன்னா இந்த முள்தான் பேசும்." என்னைப் பார்க்காமல் கல்பனாவைப் பார்த்துத்தான் இதைச் சொன்னார்.

நான் கல்பனாவின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அழுதிருப்பேன். ஓடுவதைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் தெரியாது. சமைக்கத் தெரியாது, வாயை அடக்கத் தெரியாது. அந்தப் பதக்கத்தை அம்மாவின் புடவை மடிப்புக்குள் வைத்திருந்தவள் அவள். ஜன்னலுக்கு வெளியே ஒருத்தர் ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவழியாக அது கிளம்பிப் போனது.

"அக்காவுக்கு மருந்து குடுங்க சார்" என்றாள் கல்பனா.

"ஏய், இருடி..."

"நீ சும்மா இருக்கா. ராத்திரியில அது எப்டி இருக்கும்னு எனுக்குத் தெரியும்."

டாக்டர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். அவள் பேச்சை மாற்றவில்லை. பிரபாவதி என்று மேலே எழுதியிருந்த அந்தச் சீட்டையே எடுத்து, கடைசி வரிக்குக் கீழே இன்றைய தேதியைப் போட்டு எழுத ஆரம்பித்தார். அதோடு மேலே கல்பனாவுக்காக எழுதியிருந்த வரிகள் எல்லாம் எனக்குச் சொந்தமாகிவிட்டன. இனிமேல் அவள் எந்த டெல்லியில் போய் என்ன சொல்லி நம்பவைப்பாள்?

கம்பவுண்டர் புகை மருந்து மெஷினைக் கொண்டுவந்து வைத்தார். மாஸ்க்கை எப்படிப் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. கல்பனா என் பின்னல் மேலாக ரப்பரை மாட்டி, மூக்கருகில் இடைவெளி விழுந்த இடத்தில் தன் விரல்களை வைத்து அழுத்திக்கொண்டாள். "வாயால இழு. மெதுவா" என்றாள். இழுத்தேன். கசந்தது. அப்புறம் நெஞ்சுக்குள் எங்கோ இறுகிக் கிடந்த ஒன்று விட்டது. இன்னும் இழுத்தேன். உள்ளே போய்க்கொண்டே இருந்தது காற்று. இவ்வளவு காற்று உலகத்தில் இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. அவ்வளவு சுகமாக இருந்தது, அவள் முகத்துக்கு நேரே அப்படிச் சுகப்படுவதற்கு வெட்கமாகவும் இருந்தது. புகை கொஞ்சம் கூட வெளியே போகாமல் அவள் என் முகத்தைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.