பிக்கப்பில் முளைத்த பூவரசு

என் கையால் சரிபண்ணிய பிக்கப்பு வண்டி ஒன்று இலை விட்டது. வண்டிதான் ஐயா, மரமில்லை. அதன் நிழலில் ஆறு எருமை படுத்து அசைபோட்டது என்றும், பூப்பறிக்கப் பெண்கள் வரிசையில் நின்றார்கள் என்றும் காரைக்குடி டீக்கடைகளில் நான் சொன்னதுண்டு. எருமை பொய். பெண்களும் பொய். இலை மட்டும் மெய். நான் தட்டி நிமிர்த்திய மட்கார்டில் முகம் பார்த்துச் சவரம் பண்ணிக்கொண்டு ஒருவர் பெண் பார்க்கப் போனார் என்று சொன்ன அதே வாயால்தான் இதையும் சொன்னேன். பிறகு எவன் நம்புவான்? அதில் கெட்டுப்போனது என் பேர் இல்லை. அது எப்பவோ கெட்டுப்போனது. கெட்டது அமீனாவின் பேர்.

அமீனாவின் புருஷன் சபியுல்லா, கொத்தமங்கலத்துக்காரர். பழைய அமெரிக்கப் பிக்கப்பு ஒன்றை வைத்துச் சந்தைக்குச் சந்தை சாமான் ஏற்றியவர். அதைக் கொல்லையில் நிறுத்திவிட்டுப் பினாங்குக்குக் கப்பலேறினார். கொஞ்ச நாள் கடுதாசி வந்தது, அப்புறம் நின்றுபோனது. அடுத்த நோன்புப் பெருநாளுக்கு வந்துவிடுவேன், வண்டியைத் துரு தின்ன விட்டுவிடாதே என்பதுதான் கடைசியாக எழுதியது.

அவருடைய அண்ணன் அல்லாபிச்சை ராவுத்தருக்கு அந்த வண்டியைக் கண்டாலே ஆகாது. உடைத்து இரும்புக்குப் போடு என்றார். அமீனா முடியாது என்று நின்றாள். கடைசியில், பெருநாளைக்குள் அது வண்டி மாதிரி ஆனால் இருக்கட்டும், இல்லையென்றால் பழைய இரும்புக்காரன் வருவான் என்று முடிவானது.

அறுபத்தொன்பதாம் வருஷம் புரட்டாசியில் எனக்கு ஆள் அனுப்பினாள்.

"அண்ணே, அவுக வந்து வண்டிக் கதவத் திறக்கையில, விட்டுட்டுப் போன மாதிரியே இருக்கணும்."

"விட்டுட்டுப் போன மாதிரின்னா அதுக்கு நான் எதுக்கும்மா? அன்னைக்கே அது பிரேதம்தானே."

சிரித்தாள். நானும் சிரித்துவிட்டுக் கதவைத் திறந்தேன். கதவு கையோடு வந்தது.

கதவின் கீழ்ப்பாதி சல்லடை. அதில் அரிசி சலிக்கலாம், தவிடு தனியாக விழும். உள்பக்க அட்டை மழையில் ஊறி, எண்ணெயில் போட்ட அப்பளமாய் உப்பிக் கிடந்தது. கூரைத் துணி கிழிந்து தொங்கியது. ஓட்டுகிறவர் குனியாமலே மூக்குத் துடைத்துக்கொள்ளலாம். துருப்பிடித்த தகரத்தை வெட்டியெடுத்துப் புதுத்தகரம் வைத்துப் பற்றவைத்தேன். நசுங்கிய மட்கார்டுக்குப் பின்னால் இரும்புக் கட்டையை அணைத்துப் பிடித்து, மரச்சுத்தியால் வெளியிலிருந்து தட்டினேன். நான் தட்டின சத்தம் நெற்குப்பை ஊர் வரைக்கும் கேட்டு, அங்கே ஒரு கல்யாணத்துக்கு நாதஸ்வரமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சரி, அது கிடக்கட்டும்.

கதவு அட்டைக்கு மதுரை வரை தேடியும் ஒன்றும் சிக்கவில்லை. தேயிலைப் பெட்டியின் பலகையை வெட்டி, பச்சை ரெக்சின் இழுத்துப் போர்த்தினேன். ஓட்டுநர் பக்கத்துப் பழைய அட்டையில் சபியுல்லாவின் முழங்கை ஊன்றி ஊன்றி ஓர் இடம் தேய்ந்து வழவழவென்று இருந்தது.

"அண்ணே, அந்தத் தேஞ்ச இடத்த மட்டும் தூரப் போட்டுறாதீக" என்றாள் அமீனா.

அதை வெட்டியெடுத்துப் புது ரெக்சினோடு சேர்த்துத் தைத்தேன். அன்றைக்கு நான் எந்தப் பொய்யும் சொல்லவில்லை.

பின்தொட்டியின் நான்கு மூலையிலும் கம்பு நிறுத்துகிற இரும்புக் கூடுகள் உண்டு. பழைய கம்புகள் மக்கிப்போயிருந்தன. கூட்டுக்குள் எத்தனையோ சந்தையின் மண்ணும் வைக்கோல் கூளமும் இறுகிக் கிடந்தன. கொல்லையில் சபியுல்லா நட்ட பூவரசு இருந்தது. அதில்தான் கம்பு வெட்ட வேண்டும் என்றாள். பச்சை மரம் காயணும், தோல் உரிக்கணும் என்றேன். பெருநாள் நெருங்குது, அப்படியே நிறுத்துங்கண்ணே என்றாள். நிறுத்தினேன்.

அல்லாபிச்சை வந்து சுற்றிப் பார்த்தார்.

"யோவ் செம்மலை, வண்டி கட்டுறியா, பந்தல் போடுறியா? தோலுகூடச் சீவலயே!"

"நல்லா நிக்கும் ராவுத்தரே."

"நிக்கும், நிக்கும். நிக்கிறதுக்குத்தானே இந்த வண்டி!" என்றவர், வாசலில் நின்ற அமீனாவைப் பார்த்தார். "அந்தக் கம்பு துளுத்து எல விடுற அன்னைக்கு ஏந் தம்பியும் வருவான், போ."

எரிச்சலில் சொன்ன வார்த்தைதான். அமீனா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

ஐப்பசி மழை விடாமல் பெய்தது. கதவு ஒழுகுகிறதா பார்க்க ஒருநாள் விடிந்ததும் போனேன். அமீனா வண்டிக்குப் பின்னால் நின்றிருந்தாள். மூலைக் கம்பின் தோலைக் கீறிக்கொண்டு சுண்டுவிரல் நகம் அளவில் இரண்டு இலை.

அவள் மச்சான் அல்லாபிச்சையைக் கூப்பிட ஓடினாள். நான் டீக்கடைக்கு ஓடினேன். அங்கேதான் என் நாக்கு என்னைக் கவிழ்த்தது. ரெண்டு இலை என்று சொல்லியிருந்தால் நாலு பேர் நம்பியிருப்பார்கள். நான் "கிளை பரப்பி நிக்குது, கிளி வந்து உக்காந்துருச்சு" என்றேன். ஊரே மரம் பார்க்கக் கிளம்பி வந்தது. வந்து பார்த்தால் மொட்டைக் கம்பு. இலை இல்லை, கம்புத் தோலில் இருந்த கீறல்களில் எது அது என்றும் தெரியவில்லை. பக்கத்தில் அல்லாபிச்சை கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இருந்துச்சு மச்சான், நாம் பாத்தேன்" என்றாள் அமீனா. "அண்ணனும் பாத்தாக."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கூட்டத்தில் ஒருவன், "கிளி எங்குட்டுப் பறந்துச்சு செம்மலை?" என்றான். ஊரே சிரித்தது.

பெருநாள் வந்தது, சபியுல்லா வரவில்லை. அமீனா துளிர்த்தது துளிர்த்தது என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். பாவம், பகலிலேயே கனவு காணுகிறாள் என்றார்கள். தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள். பெண்கள் அவள் வீட்டுக்குப் பிள்ளைகளை அனுப்புவதை நிறுத்தினார்கள். நான் போகும்போதெல்லாம் அவள் வண்டிக்குள் உட்கார்ந்து, அந்தத் தேய்ந்த இடத்தில் தன் முழங்கையை வைத்திருப்பாள். நான் உண்மை என்று சத்தியம் செய்யச் செய்ய அவளுக்குப் பைத்தியம் கூடிக்கொண்டே போனது. என் சத்தியத்தின் மதிப்பு அப்படி.

மறுவருஷம் பினாங்கிலிருந்து ஹனிபா என்பவர் ஊருக்கு வந்தார். சபியுல்லா கடைசிக் கடுதாசி போட்ட மாதமே காய்ச்சலில் மௌத்தாகி, அங்கேயே அடக்கமாகிவிட்டார் என்றார். நான் அந்த அட்டையைத் தைத்துக்கொண்டிருந்தபோதே அந்த முழங்கை மண்ணுக்குள் போயிருந்தது.

அப்புறம் வண்டியை வைத்திருக்கக் காரணம் இல்லை. காளையார்கோவில் சோணை, பழைய இரும்பு வாங்குகிறவன், வந்தான். அல்லாபிச்சை கொல்லையில் நிற்க, அமீனா வெள்ளை உடுத்தி வீட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றாள். அந்தத் தேய்ந்த துண்டை மட்டும் பிரித்து உள்ளே கொடுத்தேன். ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது.

சோணை கம்புகளைப் பிடுங்கினான். மூன்று சுலபமாக வந்தன. நாலாவது அசையவில்லை. கூட்டைப் பெயர்த்து உடைத்தான். கம்பின் அடியில், இறுகிய மண்ணைக் கவ்விப் பிடித்துக்கொண்டு, காய்ந்த நூல் சிக்கல்போல ஏதோ சுருண்டு கிடந்தது.

"என்ன ராவுத்தரே, வேரு விட்டுருக்கு!" என்றான்.

அல்லாபிச்சை அந்தக் கம்பைக் கையில் வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வண்டியின் படியில் உட்கார்ந்தார். மூடியிருந்த வீட்டுக் கதவைப் பார்த்துப் பேசினார்.

"அவன் வரமாட்டான்னு எனக்கு மனசுல பட்டுப்போச்சு. நீ இந்த இலையப் பாத்துக்கிட்டு வாசல்லயே உக்காந்துருவியேன்னுதான்..." கம்பைத் தரையில் வைத்தார். "துளுத்துச்சு, அமீனா. நீ கூப்புட வந்தப்ப, ஒனக்கு முன்னால ஓடியாந்து நாந்தான் கிள்ளிப் போட்டேன்."