மருமகள் பேசும் மொழி

மருந்துக்கடைக்காரம்மாவின் வீட்டில் மேசை, சன்னல், கட்டில் எல்லாவற்றிலும் சீட்டு ஒட்டியிருந்தது. கடையில் மருந்து பாட்டில்களில் ஒட்டுகிற அதே வெள்ளைச் சீட்டு. கணவர் போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டில் அவளுக்குப் பேச்சுத் துணை அவைதான்.

வெளிநாட்டில் இருக்கும் மகன் ஸ்பானிஷ் பேசும் பெண்ணைக் கட்டிக்கொண்டான். மருமகளுக்கு வேறு மொழி தெரியாது. மாமியாரும் மருமகளும் பேசுவதெல்லாம் மகன் வாய் வழியாகத்தான். மருமகள் மூச்சுவிடாமல் பேசுவதை அவன், "சும்மா, நலம் விசாரிக்கிறாம்மா" என்று சுருக்கிவிடுவான். ஒரு தடவையாவது அந்தப் பெண்ணோடு நேராகப் பேசிவிட வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை.

வழி தொழிலிலேயே கிடைத்தது. டாக்டர்கள் மருந்துச் சீட்டில் எழுதும் சுருக்கங்களில் பாதி லத்தீன். ஸ்பானிஷ் அந்த லத்தீன் பெற்ற பிள்ளை. ஆங்கிலமோ அந்த வீட்டுக்கு விருந்தாட வந்து, போகும்போது பாதிச் சாமானை மூட்டை கட்டிக்கொண்ட உறவு. சன்னல் 'வென்தானா': வென்டிலேட்டருக்குச் சொந்தம். கை 'மானோ': மேனுவல். தூங்குவது 'தோர்மீர்': டார்மிட்டரி. இப்படி ஒவ்வொரு சொல்லாகச் சீட்டில் எழுதி வீடு முழுக்க ஒட்டினாள்.

"என்னக்கா, வீட்டுக்கே மருந்து எழுதி ஒட்டிட்டீங்க?" என்றாள் எதிர்வீட்டுக்காரி. "மூணு வேளையும் சாப்பிட்டா மருமக வசியமாயிடுவாளா?"

"வேளைக்கு ஒண்ணுதான். கூடிப்போனா நாக்கு சுளுக்கிக்கும்."

அவள் சிரித்துவிட்டுப் போனதும் வீடு மறுபடியும் வாயை மூடிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. திரையில் தெரிந்த மருமகள், அம்மாவுக்குப் பின்னால் இருந்த காலி நாற்காலியைப் பார்த்து ஏதோ நீளமாகக் கேட்டாள். அதில் ஒரே ஒரு சொல்தான் பிடிபட்டது: 'சோலா.' சோலோ. சாலிட்டரி. தனியாக.

"என்னப்பா கேக்குறா?"

மகன் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். "சாப்பிட்டீங்களாங்கிறாம்மா."

அம்மா அவனைப் பார்க்கவில்லை, மருமகளைப் பார்த்தாள்.

"ஸீ," என்று ஆமாம் போட்டாள். "சோலா."

"அம்மா..." என்று மகன் இழுத்தான். மருமகள் அவன் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். தன் நெஞ்சைத் தொட்டு, அதே சொல்லை மெதுவாகச் சொன்னாள்.

அதற்கு என்ன ஆறுதல் சொல்வது? கைவசம் இருந்ததெல்லாம் வீட்டுச் சாமான்களின் பெயர்கள்தான். அம்மா போனைத் திருப்பிச் சீட்டு ஒட்டிய சன்னலைக் காட்டினாள்.

"வென்தானா."

மருமகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள். தன் அறைச் சன்னலைத் திறந்து காட்டினாள்.