தூக்கம் வேணுமா

தகரம் என்றால் இப்போது எல்லோருக்கும் தெரியும். தகரத்தைத் தட்டியது போன்ற குரல் என்று தெருவில் எனக்கு வைத்த பெயர். போஸ்டரிலும் அதுவே. போதைப் பொட்டலம் விற்றவன் ராப் பாடகனான கதையைப் படமாக எடுக்கிறார்கள். என் வேடத்தில் நானே நடிக்கிறேன். அந்தக் கொழுப்பு எனக்கு இருந்தது.

அன்று டப்பிங். ஸ்டூடியோவைப் பார்க்க அக்கா கைக்குழந்தையோடு வந்திருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் என்ஜினியர், இந்தப் பக்கம் டைரக்டரும் நாங்களும். பஞ்சு ஒட்டிய சுவர்களுக்குள் குழந்தை வீரிட்டது. அக்கா அதைத் தோளில் போட்டு நடந்துகொண்டே என் பாட்டைத்தான் பாடினாள். "தூக்கம் வேணுமா, தூக்கம் தரவா." ஊரே ஆட்டம் போடும் பாட்டு, அவள் வாயில் தாலாட்டாகிவிட்டது. குழந்தை அப்படியே தூங்கிப்போனது.

டைரக்டருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "படத்தோட கடைசில இதுதான் வரணும். அக்கா, நீங்களே பாடுங்க."

"நான் போய்ப் பாடுறதா? தம்பி பேர் கெட்டுடப் போகுது" என்றாள் அக்கா. முகமெல்லாம் சிரிப்பு.

டைரக்டர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என்ஜினியரிடம் போனார்.

எனக்கு உடம்பு கூசியது. தூக்கம் என்பது பொட்டலத்துக்கு நான் வைத்த பெயர். பெற்ற அம்மா பக்கத்தில் நின்றாலும் "தூக்கம் இருக்கா" என்று கேட்டு வாங்கலாம், யாருக்கும் சந்தேகம் வராது. எனக்குத்தான் என்ன மூளை என்று அப்போது பெருமையில் தலைகால் புரியவில்லை. அந்தச் சொல்லையே பாட்டாக்கிப் பேரும் வாங்கினேன். வாங்கித் தின்றவர்களுக்கு மட்டும் விஷயம் தெரியும். மேடையில் அந்த வரி வரும்போது அவர்கள் ஆடுவதில்லை.

அக்கா வீட்டிலும் ஒரு சாவு விழுந்திருக்கிறது. மாமாவின் தம்பி. மாரடைப்பு என்று சொல்லிக்கொண்டார்கள். இல்லையென்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தோள் கொடுத்துத் தூக்கிப்போனவன் நான். இப்போது அந்தப் பாட்டை அக்காவே பாடுவதா?

"நீ பாட வேணாம்க்கா."

"ஏன்டா, என் குரல் அவ்ளோ மோசமா?"

"அது தூங்குற தூக்கம் இல்ல. நான் வித்ததுக்குப் பேரு."

"என் கொழுந்தனும் உன்கிட்டதான் வாங்கினானா?"

ஆமென்று தலையை ஆட்டினேன்.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். "அன்னைக்கு என்கிட்ட வந்து நின்னான்டா. 'அண்ணி, தூக்கம் ஜாஸ்தியாயிடுச்சு, பயமா இருக்கு'ன்னான். தூக்கத்துக்கு யாராவது பயப்படுவாங்களா, போய்ப் படுன்னேன். நான்தான் போர்வை போத்தினேன். யாரும் எழுப்பிடக் கூடாதுன்னு கதவையும் சாத்தினேன்."

காப்பாற்றச் சொல்லித்தான் கேட்டிருக்கிறான். நான் கண்டுபிடித்த சொல்லில் கேட்டிருக்கிறான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. "அக்கா" என்றேன். அதற்குமேல் பேச எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது.

கண்ணாடிக்குப் பின்னால் டைரக்டர் சிரித்தபடி கையசைத்தார். அக்கா பாடும்போது மைக் திறந்தே இருந்து பதிவாகியிருக்கிறது. சற்றுமுன் அக்கா பாடியது ஸ்பீக்கரில் வந்தது. "தூக்கம் வேணுமா, தூக்கம் தரவா."

அக்கா மடியில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையைப் பிடித்து உலுக்கினாள். அது விழித்து, வீரிட்டு அழும்வரை விடவில்லை.