இரண்டு நிமிட வராண்டா

மெர்சலின் எடுக்கப்போகும் படத்தின் முதல் காட்சியில் வரவேண்டிய பேய், செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கே கல்லூரிக்கு வந்துவிட்டது. வாட்ச்மேன் பதிவேட்டை நீட்டினார். பெயர் என்ற இடத்தில் புஷ்பகனி என்று எழுதியது. யாரைப் பார்க்க என்ற இடத்தில் மெர்சலின், மூன்றாம் ஆண்டு, காட்சித் தொடர்பியல் என்று எழுதியது. வந்த காரணம் என்ற இடத்தில் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சொந்த வேலை என்று எழுதியது. வாட்ச்மேன் நேரம் குறித்து உள்ளே அனுப்பினார்.

மெர்சலின் நூலகப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். மடியில் நீளமான காகிதச் சுருள். அதில் முதல் காட்சியைப் பன்னிரண்டு கட்டங்களாக வரைந்திருந்தாள். ஒரு கட்டம் பத்து செகண்ட். பக்கத்தில் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தவன் இசக்கிராஜ். அவன்தான் ஒளிப்பதிவு. கெட்டிக்காரன். ஆனால் யார் என்ன சொன்னாலும் சரி என்று சொல்லிவிடுவான்.

புஷ்பகனி வந்து நின்றாள். நாற்பத்தைந்து வயது சொல்லலாம். மஞ்சள் நூல்சேலை, இறுக்கிப் போட்ட கொண்டை. செருப்பைக் கையில் வைத்திருந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்," என்றாள். "கேட்டுட்டு இருக்கதா போறதான்னு பாக்கேன். நான் கத்தணுமா?"

"வேண்டாம்க்கா."

"நெசமாவா?"

"நடந்தா போதும்."

புஷ்பகனி படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். இதுவரை ஏழு மாணவர் படங்களில் நடித்திருப்பதாகச் சொன்னாள். ஏழிலும் கத்த வைத்தார்கள். தொண்டை போய்விட்டது. இரண்டு படத்தில் மின்விசிறியில் தலைகீழாகத் தொங்க விட்டார்கள். எல்லாப் படத்திலும் முடியை முன்னால் இழுத்து முகத்தை மூடிவிட்டார்கள். உயிரோடு இருந்தபோது அவளைப் பார்த்தவர்கள் லட்சணமான முகம் என்று சொல்வார்களாம். ஒரு படத்திலாவது அந்த முகத்தோடு நேராக நடந்து வர வேண்டும் என்பதுதான் அவள் ஆசை.

மெர்சலினின் முதல் காட்சி அதுதான். நண்பகல். நீளமான ஒரு வழி. அதன் கடைசியிலிருந்து ஒரு பெண் கேமராவைப் பார்த்து நடந்து வருகிறாள். இசை கிடையாது. அலறல் கிடையாது. அவள் யாரைத் தேடி வருகிறாள் என்பது தெரியாது. இரண்டு நிமிடம்.

அந்தக் கல்லூரியில் ஒவ்வொரு துறைக்கும் வருடத்தில் ஒரு நண்பகல்தான் ஒதுக்குவார்கள். காட்சித் தொடர்பியலுக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை. அதற்குள் அனுமதி வாங்கியாக வேண்டும். மூவரும் எழுந்து அலுவலகக் கட்டடத்துக்குப் போனார்கள். மூன்றாவது மாடி வராண்டாவில் பதினோரு தூண்கள் இருந்தன.

முதல் அறை தொடக்கப் பிரிவு. எழுத்தர் சுடலைமணி படிவத்தைக் கொடுத்தார். அதில் ஒரே கேள்வி. இந்தப் படம் ஏற்கெனவே தொடங்கிவிட்டதா, ஆம் அல்லது இல்லை.

மெர்சலின் இல்லை என்று எழுதினாள்.

"தொடங்காத படத்துக்கு எப்படிம்மா தொடக்கம் இருக்கும்?" என்றார் சுடலைமணி.

அவள் அதை அடித்துவிட்டு ஆம் என்று எழுதினாள்.

"தொடங்கின படத்துக்கு எதுக்கு அனுமதி?"

அவள் படிவத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் கேள்வி தப்பு என்று எழுதி நீட்டினாள். சுடலைமணி படித்துப் பார்த்தார். அடித்தல் திருத்தலுக்கு முப்பது செகண்ட் பிடித்தம் என்றார். கத்தரிக்கோலை எடுத்துச் சுருளில் மூன்று கட்டங்களை வெட்டி, சன்னல் வழியாக வராண்டாவில் போட்டார்.

இசக்கிராஜ், சரி சார், என்றான். நான்கு விரற்கடை குள்ளமானான்.

வெளியே வந்தபோது வராண்டாவில் பதினான்கு தூண்கள் இருந்தன. அடுத்த அறை முன்பைவிடத் தள்ளிப்போயிருந்தது. நடந்தார்கள்.

இரண்டாவது அறை பயப் பிரிவு. பேராசிரியர் தாணுமூர்த்தி மேசையில் நான்கு அடுக்குத் தூக்குச்சட்டியைத் திறந்து வைத்திருந்தார். முதல் அடுக்கில் ஊளைக் காற்று. இரண்டாவதில் கொலுசுச் சத்தம். மூன்றாவதில் நாய் அழுகை. நான்காவதில் தயிர்சாதம். அது அவருடையது.

"மூணுல ரெண்டையாவது எடுத்துக்கணும். விதி," என்றார்.

புஷ்பகனி கொலுசைப் பார்த்துவிட்டுக் கணுக்காலைத் தடவிக்கொண்டாள். மெர்சலின் எதையும் எடுக்கவில்லை. ஒரு அம்மா நடந்து வந்தால் யாருக்கு என்ன பயம் வரும் என்று பேராசிரியர் கேட்டார். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

மெர்சலின் சொன்னாள். அவளுக்கு ஒன்பது வயதில் மாமி ஒருத்தி இறந்துபோனாள். பத்து நாள் கழித்து, சுட்டெரிக்கிற மத்தியானத்தில், உப்பளத்துப் பாதையில் தூரத்தில் யாரோ வருவது தெரிந்தது. மாமியின் நடை. இடது தோள் கொஞ்சம் இறங்கிய அதே நடை. பாதை நேர்ப்பாதை. நின்று பார்த்திருந்தால் வருவது யார் என்று தெரிந்திருக்கும். மெர்சலின் வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்திவிட்டாள். வந்தது யார் என்று இன்றுவரை தெரியாது. யாரும் கதவைத் தட்டவில்லை. அதற்குப் பிறகு நிறையப் பேய்க்கதை கேட்டிருக்கிறாள், எதுவும் அந்த அளவுக்கு வரவில்லை. அன்றைக்கு நின்றிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. தன்னால் முடியாததைக் கேமரா செய்யட்டும் என்று பார்க்கிறாள்.

தாணுமூர்த்தி தூக்குச்சட்டியை ஒவ்வொரு அடுக்காக மூடினார். பிறகு, இதுக்குப் படிவத்துல இடம் இல்லம்மா, என்றார். நாற்பது செகண்ட் வெட்டினார். வெட்டிய கட்டங்களைக் கசங்காமல் வராண்டாவில் வைத்தார். அப்படி வைக்க விதி எதுவும் சொல்லவில்லை.

சரி சார், என்றான் இசக்கிராஜ். கேமராவின் பட்டை அவன் முழங்காலுக்கு இறங்கியது.

"எல, வாய மூடு," என்றாள் மெர்சலின்.

இப்போது வராண்டாவில் தூண்களை எண்ண முடியவில்லை. நடுவில் ஒரு மினிபஸ் நிறுத்தம் வந்திருந்தது. இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒருவர் சைக்கிளில் டீ விற்றுக்கொண்டு போனார்.

மூன்றாவது அறை இருப்புப் பிரிவு. செண்பகவல்லி மேடம் புஷ்பகனியிடம் இறப்புச் சான்றிதழ் கேட்டார். புஷ்பகனியிடம் அது இல்லை. வாங்குவதற்கு நேரில் வரச் சொன்னார்களாம். நேரில் போனால், நேரில் வந்தவருக்கு இறப்புச் சான்றிதழ் தர முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். நியாயம்தான் என்றார் மேடம். பிறகு மெர்சலின் பக்கம் திரும்பினார். நீ இருக்கேங்கறதுக்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்.

"இங்க நிக்கேன் மேடம்."

"அந்தம்மாவும்தான் நிக்காங்க."

மெர்சலின் மேசையில் இருந்த மேடத்தின் தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். முழுவதையும் குடித்தாள். காலி பாட்டிலை மூடி, இருந்த இடத்திலேயே வைத்தாள். மேடம் பாட்டிலை ஆட்டிப் பார்த்தார். இருப்பதாகக் குறித்துக்கொண்டார். ஒழுங்கீனத்துக்கு நாற்பது செகண்ட் போனது.

இசக்கிராஜ் வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தான். ஆனாலும் தலை ஆடிவிட்டது. இப்போது அவன் மெர்சலினின் இடுப்பளவு இருந்தான்.

முதல்வர் அறைக்கு மினிபஸ்ஸில் போக வேண்டியிருந்தது. இறங்கியபோது மணி பதினொன்று நாற்பது. மெர்சலின் கையில் ஒரே ஒரு கட்டம் மிச்சம்.

முதல்வர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார். புஷ்பகனிக்கும் நாற்காலி போடச் சொன்னார். தானும் மாணவராக இருந்தபோது ஒரு படத்துக்குத் தொடக்கம் யோசித்து வைத்திருந்ததாகச் சொன்னார். அது என்ன என்று புஷ்பகனி கேட்டாள். முதல்வருக்கு ஞாபகம் வரவில்லை.

"பத்து செகண்ட் இருக்குல்ல," என்றார் மெர்சலினிடம். "அதுல தலைப்பப் போட்டு முடிச்சிரு."

"எனக்கு ரெண்டு நிமிஷம் வேணும் சார்."

"ரெண்டு நிமிஷமும் என்னம்மா நடக்குது?"

"நடக்காங்க சார்."

முதல்வர் பெருமூச்சு விட்டார். அந்தக் கட்டத்தையும் கோப்பில் சேர்த்துவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி என்று கத்தரிக்கோலோடு கையை நீட்டினார். இசக்கிராஜ் தரையைப் பார்த்தான். புஷ்பகனி செருப்பைக் கீழே வைத்துவிட்டு, கத்துவதற்குத் தயாராவதுபோல் தொண்டையைச் செருமிப் பார்த்தாள். கடைசியில் எல்லாப் படத்திலும் இப்படித்தான் ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

மெர்சலின் காகிதத்தை நான்காக மடித்து வாயில் போட்டுக்கொண்டாள். மென்றாள். உப்புக் கரித்தது. மென்று முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. விழுங்கினாள்.

"இனி வெட்டணும்னா என்னத்தான் சார் வெட்டணும்," என்றாள்.

முதல்வர் கோப்பைத் திறந்து, மாணவி காட்சியை உட்கொண்டார் என்று எழுதினார். மேற்கொண்டு என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவை மூடினார்.

மெர்சலின் வெளியே வந்தாள். கோபத்தில் கண் கலங்கியிருந்தது. பக்கத்துத் தூணில் கையை ஊன்றினாள். தூண் சுடச்சுட இருந்தது. பார்த்தால், அது அவள் வரைந்த மூன்றாவது கட்டத்து வெயில். அடுத்த தூணில் நான்காவது கட்டத்து நிழல் விழுந்திருந்தது. கோடுகூட அவள் போட்ட கோடுதான். அவள் தூண் தூணாகப் பார்த்துக்கொண்டே போனாள். பழைய தூண்கள் மற்றவர்களுடையவை. ஒரு தூணுக்குள் கதவு ஒன்று பாதி திறந்து நின்றது. ஒன்றில் மழைக்கு முந்தைய மண்வாசனை. ஒன்றில் ஒரு பையன், படத்தின் பெயர் என்று ஆரம்பித்து, ஆரம்பித்து நிறுத்திக்கொண்டிருந்தான். எத்தனையோ வருடத்துத் தொடக்கங்கள். யாரும் அதற்கப்பால் போகவில்லை.

நண்பகல் கிழக்குப் படிக்கட்டில் ஏறி வந்துகொண்டிருந்தது.

"இங்கயே எடுக்கோம்," என்றாள் மெர்சலின்.

"அனுமதி?" என்றான் இசக்கிராஜ்.

"எல, இது நம்ம இடம். வெட்டிப் போட்டதெல்லாம் நம்மளோடது."

அவன் வராண்டாவை ஒருமுறை நெடுகப் பார்த்தான். முதல் தடவையாக, சரி என்று சொல்லாமல் வேலையைத் தொடங்கினான். உயரம் திரும்பி வரவில்லை. ஆனால் இந்த உயரத்திலிருந்து கேமரா வைத்தால் வராண்டா இன்னும் நீளமாகத் தெரிகிறது என்றான். வைத்துக் காட்டினான். உண்மைதான்.

புஷ்பகனி மினிபஸ் ஏறி வராண்டாவின் கடைசிக்குப் போனாள். போகுமுன் கொண்டையைச் சரிசெய்துகொண்டு, முகம் தெரியுதா என்று கேட்டாள். நல்லாத் தெரியுதுக்கா என்றாள் மெர்சலின்.

பஸ் மறைந்தது. நண்பகல் வராண்டாவுக்குள் நுழைந்து தூண்களுக்கிடையே படுத்தது. மெர்சலின் ஆக்‌ஷன் சொன்னாள்.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஒரு மஞ்சள் புள்ளி. அது அசைவதுபோலவும் இருந்தது, நிற்பதுபோலவும் இருந்தது.

கதவுகள் திறந்தன. சுடலைமணி படிவத்தோடு வந்தார். செண்பகவல்லி மேடம் காலி பாட்டிலோடு வந்தார். அனுமதி இல்லாமல் எடுக்கக்கூடாது என்று இருவரும் ஒரே நேரத்தில் சொல்ல ஆரம்பித்தார்கள். அப்போது மெர்சலின் பார்க்கிற பக்கம் தாங்களும் பார்த்தார்கள். சொல்ல வந்தது பாதியில் நின்றது. தாணுமூர்த்தி வந்து சுவரோடு சாய்ந்துகொண்டார். கடைசியாக முதல்வர் வந்தார்.

மஞ்சள் புள்ளிக்குக் கை கால் முளைத்தது. வேகம் கூடவில்லை, குறையவில்லை. காலடிச் சத்தம் இல்லை. நேராக வந்துகொண்டிருந்தாள்.

"யாரப் பாத்து வாரா?" என்றார் தாணுமூர்த்தி.

"தெரியாது சார்."

சுடலைமணி ஓரடி பின்னால் வைத்தார். அந்த அம்மா என்னைத்தான் பார்க்கிறாள் என்று செண்பகவல்லி மேடம் மெல்லச் சொன்னார். இல்லை, என்னை, என்றார் சுடலைமணி. முதல்வர் கைக்குட்டையை எடுத்தார். அவர் கழுத்து வேர்த்துவிட்டது.

"கட் சொல்லும்மா," என்றார் கடைசியில்.

"மாட்டேன் சார்."

"இது உத்தரவு."

"கட் நான்தான் சொல்லணும் சார். சொல்ல மாட்டேன்."

முதல்வர் தானே கட் என்று சொல்லிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. இசக்கிராஜ் கண்ணை எடுக்கவில்லை. மதிய உணவு மணி அடித்தது. யாரும் போகவில்லை. இப்போது புஷ்பகனியின் முகம் தெரிந்தது. லட்சணமான முகம்தான். அதில் கோபம் இல்லை, சோகமும் இல்லை. ஒரு வேலையாகப் போகிறவளின் முகம்.

சுடலைமணியைத் தாண்டினாள். அவர் கையிலிருந்த படிவங்கள் கீழே விழுந்தன. மேடத்தைத் தாண்டினாள். தாணுமூர்த்தியைத் தாண்டியபோது அவர் கண்களை மூடிக்கொண்டிருந்தார். முதல்வருக்கு அருகில் வந்ததும் அவர் கைகூப்பிவிட்டார். அவரையும் தாண்டினாள். மெர்சலினுக்கு முன்னால் ஒரு கை தூரத்தில் வந்து நின்றாள்.

மெர்சலினுக்கு உடம்பெல்லாம் ஓடு ஓடு என்றது. கால்களைத் தரையில் அழுத்தி வைத்துக்கொண்டாள். நின்றாள்.

"எவ்வளவு நேரம் ஆச்சுல?" என்றாள், திரும்பாமல்.

"ரெண்டு நிமிஷம் தாண்டிருச்சு," என்றான் இசக்கிராஜ்.

புஷ்பகனி லேசாகத் தலையை அசைத்தாள். மெர்சலினைச் சுற்றிக்கொண்டு மேலே நடந்தாள். அந்தப் பக்கம் அதுவரை சுவர் இருந்தது. இப்போது வெயில் இருந்தது, ஒரு பாதை இருந்தது, பாதையின் இருபுறமும் வெள்ளை வெளேரென்று உப்புப்போல ஏதோ குவிந்திருந்தது.

"எங்கம்மா போறீங்க?" என்றார் முதல்வர். "படம் முடிஞ்சிருச்சுல்ல?"

"இன்னும் தொடங்கவே இல்ல சார்," என்றாள் மெர்சலின்.

இசக்கிராஜின் தோளைப் பிடித்துக் கேமராவோடு திருப்பினாள். இருவரும் புஷ்பகனிக்குப் பின்னால் நடந்தார்கள். வராண்டாவில் நின்றவர்கள் நெடுநேரம் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மெர்சலின் கட் சொல்லவில்லை.