தலையசைத்தவரின் பெயர்

எமிலி எழுதிய நாவலில் ஒரு பெயருக்காக வெறுமையாக விடப்பட்டிருந்த இடத்தில், வாசித்த ஒவ்வொருவருக்கும் தங்கள் சொந்த வீட்டு ஆள் ஒருவரின் பெயர் தெரிந்தது. செங்கலடிச் சந்தையில் சின்ன வெங்காயம் விலையேறியிருந்த மாதத்தில் இது தொடங்கியது. எமிலி மாங்கேணிக் கரையில் பிறந்தவர், தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய அண்ணன் அன்ரோ யுத்த காலத்துச் சுற்றிவளைப்பு ஒன்றில் கொண்டுபோகப்பட்டுத் திரும்பி வராதவன். ஊர் ஆண்களையெல்லாம் இராணுவத்தினர் மைதானத்தில் வரிசையாக நடக்கவிட்டார்கள். சாக்கால் முகத்தை மூடிய ஒருவர் வாகனத்துக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்; அவர் தலையசைத்தால் அந்த ஆளைக் கொண்டுபோவார்கள். அன்ரோ கடந்துபோகையில் அந்தச் சாக்கு மேலும் கீழும் அசைந்தது. உள்ளே இருந்தவர் யாரென்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது; ஆனால் ஒவ்வொருவரும் மனதுக்குள் யாரையாவது நினைத்து வைத்திருந்தார்கள். எமிலியின் அம்மா தன் கணவர் சவரிமுத்துவை நினைத்தார். அன்று விடியமுன் வலையோடு போன மனிதர் பொழுதுபட்ட பிறகு மீன் இல்லாமல் வந்தார், எங்கே இருந்தார் என்று சொல்லவேயில்லை. சாகும்வரை அம்மா அவரோடு கதைக்கவில்லை. எமிலி அவருக்குச் சோறு போட்டார், முகம் பார்க்கவில்லை. நாவலில் அந்த இடம் வந்தபோது, 'சாக்குக்குள் இருந்து தலையசைத்தவர்' என்று எழுதி, ஒரு பெயர் அளவுக்கு இடம் விட்டு அடுத்த வரிக்குப் போனார்.

முதலில் கொழும்பில் உள்ள பதிப்பகம் ஒன்றுக்கு அனுப்பினார். பதிப்பகம் போட்டால் புத்தகம் கடைகளுக்குப் போகும், நாலு பேர் மதிப்பார்கள், ஆனால் வெட்டிக் குறைப்பார்கள் என்று சொல்லியிருந்தார்கள். பல மாதம் சத்தமில்லை. பிறகு பதிப்பாளரே தொலைபேசியில் வந்தார். நாவல் நல்லது, அந்த ஒரு வசனத்தை மட்டும் எடுக்க வேண்டும் என்றார். ஏன் என்று எமிலி கேட்டார்.

"எங்கட சித்தப்பாவைப் பற்றி உங்களுக்கு ஆர் சொன்னது?"

அவருக்குச் சித்தப்பா ஒருவர் இருப்பதே எமிலிக்குத் தெரியாது. கதையைக் கெடுக்க ஒரு சாட்டுத் தேடுகிறார் என்று எமிலி நினைத்தார்; இந்தப் பெண் எதையோ வைத்து மிரட்டப் பார்க்கிறாள் என்று பதிப்பாளர் நினைத்தார். ஆளை ஆள் நம்பாமலே தொலைபேசியை வைத்தார்கள்.

சொந்தச் செலவில் அச்சடிப்பதென்று முடிவெடுத்து, செங்கலடியில் அச்சகம் நடத்தும் வதனியிடம் போனார். காசு நம்முடையதென்றால் ஒரு எழுத்தையும் ஒருவரும் தொடமாட்டார்கள் என்பது அவருடைய கணக்கு. ஆனால் அச்சுப்படி திருத்தப் போன அன்று, வதனி தாளை மேசையில் தட்டி வைத்தார்.

"செத்த மனிசனை ஏன்கா இழுக்கிறீங்க? என்ட புருஷன் உங்களுக்கு என்ன செய்தவர்?"

எமிலி தாளை வாங்கிப் பார்த்தார். தன் கையெழுத்துப் படியில் ஒன்றுமில்லாமல் இருந்த இடத்தில், அச்செழுத்தில் சவரிமுத்து என்று இருந்தது. தன் வீட்டுக் கதை வதனிக்கு எப்படித் தெரிந்தது, இதற்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று அவர் சந்தேகப்பட்டார். இருவரும் ஒரே தாளின் இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டு, ஒருவரையொருவர் கள்ளரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். இயந்திரம் ஓட்டுபவரைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அவர் தன் மாமனாரின் பெயரை வாசித்து, மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு வேலையை விட்டுப் போனார். காசு வாங்கியிருந்ததால் மிச்சத்தை வதனி தானே ஓட்டி முடித்தார். புத்தகங்களை விற்பனைக்கு வாங்கிய பட்டினத்துக் கடைக்காரர், கட்டுப் பிரித்த அன்றே திருப்பி அனுப்பினார். கட்டுகள் எமிலியின் கட்டிலுக்குக் கீழே வாவிக் காற்றில் ஈரம் பிடித்துக் கிடந்தன.

பக்கத்து வீட்டு ஷெரோன் கணினி வகுப்பு எடுப்பவள். "போனில விடுவம் அன்ரி," என்றாள். "கடைக்காரரும் தேவையில்ல, கட்டும் தேவையில்ல. திருப்பி அனுப்ப ஆருக்கும் ஏலாது."

"இடையில ஆரும் மாத்தினா?"

"மாத்த ஏலாது."

எமிலி நம்பவில்லை. ஆனாலும் ஓம் என்றார். மின்னூல் வந்த வாரமே வாகரைக்கும் வந்தாறுமூலைக்கும், அங்கிருந்து லண்டனுக்கும் போய்ச் சேர்ந்தது. எங்கள் வீட்டு ஆளை எப்படி எழுதியிருக்கிறார் பாருங்கள் என்று அந்த வரியைப் படம் பிடித்துப் பக்கத்து வீட்டுக்காரருக்கு அனுப்பினார்கள். வாங்கியவர்கள் அதில் வேறு பெயரை வாசித்தார்கள். ஒன்றாக வலை இழுத்த சகோதரர்கள் ஒருவர் பெயரை ஒருவர் வாசித்து, வலையை வெட்டிப் பிரித்துக்கொண்டார்கள். நிச்சயிக்கப்பட்ட கலியாணம் ஒன்று, மாப்பிள்ளை வீடும் பெண் வீடும் தத்தம் தாத்தாமாரை வாசித்துவிட்டதால் நின்றது. கோவிலில் திருப்பலியின்போது ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் கை கொடுக்குமுன் ஒருவர் முகத்தை ஒருவர் உற்றுப் பார்த்தார்கள். எமிலியின் வீட்டுக்கு ஒருவரும் வருவதில்லை.

வந்தவர் பஸ்தியாம்பிள்ளை ஒருவர்தான். அன்ரோவைத் தேடி எமிலியின் அம்மா ஏறி இறங்கிய முகாம்களுக்கெல்லாம் கூடப் போன மனிதர் அவர். மத்தியான வெயிலில் வந்து, மூத்த மகள் லண்டனில் இருந்து அனுப்பிய தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நன்றி சொல்ல வந்தன் மகள். என்ட பேரை எழுதாம விட்டதுக்கு."

எமிலிக்கு உடனே விளங்கவில்லை. "உங்களுக்கு அதில என்ன தெரியுது, பஸ்தி மாமா?"

"ஒண்டுமில்ல. வெறும் இடம்தான் கிடக்கு."

எமிலி கதவைப் பிடித்துக்கொண்டார். எமிலிக்கு எல்லாம் தெரியும், இரங்கித்தான் பெயரை மறைத்திருக்கிறார் என்று நம்பிய கிழவர், நின்றபடியே மிச்சத்தையும் சொன்னார்.

"என்ட மூத்தவளை முதல் நாளே கொண்டுபோயிருந்தாங்க. ஒருத்தனைக் காட்டினா விடுறம் எண்டாங்க. வாகனத்தில வரக்குள்ள உங்கட அப்பா கண்டலுக்க ஒளிச்சிருந்ததைக் கண்டனான். சொல்லல்ல. வரிசையிலயும் ஆரையும் காட்டல்ல. வரிசை முடியப்போகுது, மகள். அப்பதான் அன்ரோ வந்தான். தலை ஆடிட்டு."

பயந்து கண்டல் மரங்களுக்குள் கிடந்ததை வெளியே சொல்ல வெட்கப்பட்டே அப்பா அத்தனை காலமும் வாய் திறக்காமல் இருந்திருக்கிறார். எமிலிக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, அதுவும் வேறு இடத்தில் வந்தது.

"பிறகு அம்மாவோட எல்லா இடமும் ஏன் வந்தீங்க?"

"அவன் எங்கயாவது உயிரோட இருக்கவேணும் எண்டு எனக்கும் ஆசை."

எமிலி அவரை உள்ளே வரச் சொல்லவில்லை. போகவும் சொல்லவில்லை. கட்டிலுக்குக் கீழிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து வந்து, அந்தப் பக்கத்தை விரித்துப் பேனையோடு நீட்டினார்.

"நான் எழுத மாட்டன். நீங்க எழுதுங்க."

பஸ்தியாம்பிள்ளை வாசற்படியில் குந்தி, புத்தகத்தை முழங்காலில் வைத்து, வாய்க்குள் எழுத்துக்கூட்டி எழுதினார். நீளமான பெயர், இடம் சரியாக இருந்தது.

அன்று பொழுதுபடுமுன் எல்லாத் தொலைபேசிகளிலும், எமிலியின் கட்டுகளிலும், வதனியின் அச்சுப்படியிலும் அந்த ஒரே பெயர் இருந்தது. லண்டனில் இருந்த பஸ்தியாம்பிள்ளையின் மூத்த மகளும் அதையே வாசித்தார். எங்கள் ஊரில் இதை அதிசயம் என்று ஒருவரும் சொல்வதில்லை. பிழை திருத்தப்பட்டது என்றே சொல்கிறார்கள். சில மாதம் கோவிலில் பஸ்தியாம்பிள்ளை உட்காரும் நீள வாங்கில் அவருக்குப் பக்கத்தில் யாரும் இருக்கவில்லை. பிறகு மழைக்காலத்தில் மற்ற வாங்குகளுக்கு மேலே ஓடு ஒழுகத் தொடங்கியதும் வந்து இருந்தார்கள். எமிலி கடைசிவரை அவரோடு கதைக்கவில்லை. அப்பாவின் கல்லறைக்கு மட்டும் போய், புல்லைப் பிடுங்கி, மெழுகுதிரி கொளுத்தினார். கொழும்புப் பதிப்பாளர் மறுபடி தொலைபேசி எடுத்து, ஒரு எழுத்தும் மாற்றாமல் போடுகிறேன் என்றார். எமிலி ஒரு வாரம் சந்தேகப்பட்டுவிட்டுக் கொடுத்தார். மின்னூலை நிறுத்தவில்லை, கட்டுகளையும் விற்றார். இப்போது வாசிப்பவர்கள், முன்பு எல்லோரும் நின்றுவிட்ட அந்த வரியில் பெயரைப் பார்த்துவிட்டு, தாளைத் திருப்பி, அன்ரோ சின்ன வயதில் எப்படிச் சிரிப்பான் என்று எழுதியிருக்கும் அடுத்த பக்கத்துக்குப் போகிறார்கள்.